முதல் விக் வாங்குகிறீர்களா? உள்பக்கத்தைப் பாருங்கள்

விக் வாங்கும் எண்ணம் வந்ததும் எல்லாரும் முதலில் படம் பார்க்கத்தான் உட்காருகிறார்கள். நீளமா குட்டையா, சுருளா நேரா, என்ன நிறம் என்று பார்த்துப் பார்த்து ஒன்றை மனதில் பிடித்துக்கொள்கிறார்கள். விக்கைப் புரட்டி எடுத்த உள்பக்கப் படத்தை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதைத் தினமும் போட்டுக்கொண்டு வெளியே போவீர்களா, இரண்டு முறை போட்டுவிட்டு அலமாரிக்குள் தள்ளிவிடுவீர்களா என்பதை முடிவு செய்வது அந்த உள்பக்கம்தான். மணிக்கணக்கில் உங்கள் தோலில் படுவது முடியைத் தைத்து வைத்திருக்கும் தொப்பி. கடைகளில் இதைக் கேப் என்பார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

முடியில் சின்னக் குறை இருந்தால் கத்தரித்துச் சரிசெய்யலாம், வாரி மறைக்கலாம். கேப் அரித்தாலோ அழுத்தினாலோ நழுவினாலோ பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் வரிசை கொஞ்சம் மாறியிருக்கும். எல்லாரும் முதலில் கேட்கும் நிறம் இங்கே பின்னால்தான் வரும்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் தன்னிடம் இருக்கும் பதிலைச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் இருப்பதிலேயே விலை கூடிய விக்காக இருக்கும்.

கீமோதெரபிக்காக வாங்குகிறீர்கள் என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்: கொடுக்கப்போகும் மருந்தால் முடி கொட்டுமா, முழுதாகவா, கொஞ்சமாகவா? எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. கொட்டும் மருந்து என்றால் சிகிச்சை தொடங்கிய 2, 3 வாரங்களில் பொதுவாக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே, உடம்பில் தெம்பு இருக்கும்போதே விக்கைப் பார்த்து வைத்துவிடுவது நல்லது. பகல் வெளிச்சத்தில் முன்னாலும் பின்னாலும் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முடியில் சின்னக் கற்றை ஒன்றை வெட்டி நூலால் கட்டி வையுங்கள். நிறம் பார்க்கும்போது படத்தைவிட இதுதான் உதவும்.

முடி போன பிறகு தலையின் சுற்றளவு கொஞ்சம் குறையும். ஆகவே பின்பக்கம் இறுக்கிக்கொள்ளும் பட்டை உள்ள விக்காகப் பாருங்கள். அந்த நாட்களில் தலைத்தோல் தொட்டாலே கூசும். தையல் துருத்திக்கொண்டிருக்கும் கேப்பை ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியாது. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் முடி மெல்ல முளைக்கத் தொடங்கினாலும், தலையை மூடும் அளவுக்கு வளரப் பல மாதங்கள் பிடிக்கும். அந்த இடைப்பட்ட காலத்துக்குத்தான் விக். அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் மனித முடி விக் அவசியமே இல்லை. சோர்ந்திருக்கும் ஒருவரிடம் விலை கூடியதைத் தள்ளிவிடுவது சுலபம், கூடப் போகிறவர் கொஞ்சம் உஷாராக இருக்கட்டும். சில நாடுகளில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காப்பீட்டில் விக்குக்குப் பணம் கிடைக்கிறது. இதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் ரசீதில் அது இல்லை, இது இல்லை என்பார்கள்.

புழுவெட்டு பரவித் தலை முழுக்க முடி போனவர்களுக்குத் தேவை வேறு. கிளிப் மாட்டப் பிடிமானம் கிடையாது, விக்கும் நீண்ட காலத்துக்கு வேண்டும். இவர்கள் கேப்புக்குத்தான் பணத்தைச் செலவிட வேண்டும்.

உச்சியில் மட்டும் முடி மெலிந்திருக்கிறது, சுற்றிலும் நன்றாக இருக்கிறது என்றால் முழு விக்கே வேண்டாம். பெண்களுக்கு டாப்பர் என்றும் ஆண்களுக்கு ஹேர் பேட்ச் என்றும் உச்சியை மட்டும் மூடும் சிறிய விக் விற்பது இதற்காகத்தான். மெலிந்த இடத்தை முழுதாக மூடி, கிளிப் நல்ல முடியில் போய்ப் பிடிக்கும் அளவுக்கு அது அகலமாக இருக்க வேண்டும். பலவீனமான முடியில் தினமும் கிளிப் மாட்டினால் இழுபட்டு இழுபட்டு அந்த முடியும் போய்விடும்.

ஆசைக்காக, ஸ்டைலுக்காக வாங்குகிறவர்களுக்குக் கட்டுப்பாடு குறைவு. உள்ளே சொந்த முடி இருப்பதால் எந்தக் கேப்பும் ஓரளவு உட்கார்ந்துவிடும். நாடகத்துக்கும் மாறுவேடத்துக்கும் விற்கும் விக்குகளை மட்டும் தினப்படி உபயோகத்துக்கு எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்தவை அவை.

தலையை அளந்துகொள்ளுங்கள்

தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். விக்குக்குள் உங்கள் முடியை எப்படி வைக்கப் போகிறீர்களோ, அதே மாதிரி படிய வாரிப் பின்னி ஒட்ட வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் டேப்பை வைத்து, முடியின் ஓரக் கோட்டை ஒட்டியே காதுக்குப் பின்னால் இறக்கி, பிடரியில் சுற்றி, அடுத்த காதுக்குப் பின்னால் ஏற்றி நெற்றிக்கே கொண்டுவாருங்கள். இது சுற்றளவு. அப்புறம் நெற்றி நடுவிலிருந்து உச்சி வழியாகப் பிடரிவரை ஒரு அளவு. ஒரு காதின் மேல்முனையிலிருந்து உச்சி வழியாக மற்றக் காதின் மேல்முனைவரை இன்னொன்று.

சராசரி அளவு என்று விற்கும் விக் பொதுவாக 21.5 முதல் 22.5 அங்குலச் சுற்றளவுக்கு, அதாவது ஏறத்தாழ 55 முதல் 57 சென்டிமீட்டருக்குச் செய்தது. பெரியவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். 21 அங்குலமும் அதற்குக் கீழும் சிறிய அளவு, 23ஐத் தொட்டால் பெரிய அளவு. ஒவ்வொரு தயாரிப்பாளரும் இதில் அரை அங்குலம் முன்னே பின்னே போவதால் அவர்களுடைய அளவு அட்டவணையையும் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்றால் பெரியதை எடுங்கள். பின்பட்டையை இழுத்து அரை அங்குலம் குறைக்கலாம், சின்னதை இழுத்துப் பெரிதாக்க முடியாது. அளவு சரியில்லாத விக் காலைக் கடிக்கும் செருப்பைப் போலத்தான்; எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசலைத் தாண்டாது.

சிறிய கேப் எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் மெல்ல மெல்லப் பின்னால் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் நெற்றிப் பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பீர்கள். பெரிய கேப் காதுக்கு மேலும் பிடரியிலும் பை மாதிரி தொங்கும்.

இப்போது புரட்டுங்கள்

விக்கைக் கையில் வாங்கியதும் சாக்ஸைத் திருப்புவதுபோல் உள்பக்கத்தை வெளியே எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

உள்ளே வரிசை வரிசையாக ரிப்பன் போன்ற பட்டைகள் தெரிந்தால் அது சாதாரண கேப். முடியை மெஷினில் நீளப் பட்டையாகத் தைத்து, அந்தப் பட்டைகளை எலாஸ்டிக்கில் இடைவெளி விட்டுத் தைத்திருப்பார்கள். காற்று போகும், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் உச்சியில் பட்டை வெளியே தெரியாமல் இருக்க, வேர்ப்பக்கத்தில் குட்டைக் குட்டையான சுருட்டை இழைகளை அடைத்திருப்பார்கள். விரலால் முடியைப் பிரித்துப் பார்த்தால் பஞ்சுபோல் தெரியும். அதனால் உச்சி புடைத்து நிற்கும். வகிட்டை மாற்றவும் முடியாது. உள்ளே சொந்த முடி இருப்பவர்களுக்கு இது பரவாயில்லை. வெறும் தலையில் போட்டால் பட்டைகள் உராயும்.

உச்சியில் மெல்லிய வலைத்துணி இருந்து, அதில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சுப் போட்டிருந்தால் அது மோனோ. வலைக்கு அடியில் விரலை வைத்துப் பாருங்கள், விரலின் தோல் நிறம் மேலே தெரியும். தலையில் வைக்கும்போது உங்கள் தலைத்தோலே அப்படித் தெரிவதால் வகிடு இயல்பாக இருக்கும். விக்கைப் போட்டிருப்பவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வகிடுதான், அதனால் எனக்கு மோனோ மேல் எப்போதும் ஒரு சாய்வு உண்டு. உச்சி முழுவதும் மோனோவாக இருந்தால் எந்தப் பக்கமும் வகிடு எடுக்கலாம். மோனோ பார்ட் என்று போட்டிருந்தால் வகிடு எடுக்கும் ஒரு கோட்டில் மட்டும்தான் அந்த வலை இருக்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மோனோ வலை சிலருக்குச் சொரசொரப்பாக இருக்கும். அதற்கு அடியில் இன்னொரு மெல்லிய அடுக்கு வைத்த இரட்டை மோனோவும் கிடைக்கிறது.

நெற்றி ஓரத்தில் இன்னும் மெல்லிய, கண்ணுக்கே தெரியாத வலை இருந்தால் அது லேஸ் ஃப்ரன்ட். முடி நெற்றியிலிருந்தே முளைத்ததுபோல் தெரியும், முடியைப் பின்னால் வாரலாம். லேஸ் இல்லாத விக்கில் பின்னால் வாரினால் தொப்பியின் விளிம்பு பல்லைக் காட்டும். சில விக்குகளில் லேஸ் நெற்றியைத் தாண்டி நீண்டிருக்கும், அதை நீங்களே வெட்டி ஒட்ட வேண்டும். முதல் முறை வாங்குகிறவர்கள் ஏற்கெனவே வெட்டி முடித்த, பசையில்லாமல் போடக்கூடிய லேஸாகக் கேட்டு வாங்குங்கள். லேஸ் சுலபமாகக் கிழியும். விக்கைப் போடும்போது அந்த ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது.

நெற்றியில் முடி விழும்படியான ஸ்டைல் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் லேஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த முடியே விளிம்பை மறைத்துவிடும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். பணமும் மிச்சம், பயமும் குறைவு.

கேப் முழுவதும் கையால் முடிச்சுப் போட்ட விக் மிருதுவானது, தலையில் இருப்பதே தெரியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் முடி இயல்பாக அசையும். விலை அதிகம். தலைத்தோல் நொந்திருப்பவர்களும் தினமும் பத்து மணி நேரம் போடுகிறவர்களும் யோசிக்கலாம், மற்றவர்களுக்கு முதல் விக்குக்கே இது தேவையில்லை. தலையில் முடியே இல்லாதவர்களுக்காக உள்ளே சிலிக்கான் பட்டை வைத்த கேப்புகளும் உண்டு. தோலைப் பற்றிக்கொண்டு நழுவாமல் நிற்கும், ஆனால் சிலிக்கான் படும் இடத்தில் வேர்க்கும்.

வகை எதுவானாலும் ஒன்றைச் செய்து பாருங்கள். கேப்பின் உள்பக்கத்தை உங்கள் கழுத்தின் பக்கவாட்டில் வைத்து மெல்லத் தேயுங்கள். கையை விடக் கழுத்துத் தோல் சொரணையுள்ளது. அங்கே குத்தும் தையல் தலையிலும் குத்தும். குறிப்பாகக் காதுக்கு முன்னால் வரும் சின்ன மடல்களைத் தடவிப் பாருங்கள். அவற்றுக்குள் சிலர் மெல்லிய கம்பி வைத்திருப்பார்கள்; கன்னத்தோடு படியும்படி அதை வளைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பியின் முனை துணியைத் தாண்டி வெளியே வந்திருந்தால் அந்த விக் வேண்டாம்.

செயற்கை முடியா, மனித முடியா?

மனித முடிதான் உசத்தி என்று ஒரு நினைப்பு எல்லாரிடமும் இருக்கிறது. தொடுவதற்கும் அசைவுக்கும் அது உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அது முடி மாதிரியே நடந்துகொள்ளும்: ஈரக் காற்றில் பறக்கும், குளித்தால் படிந்துபோகும், ஒவ்வொரு முறை அலசிய பிறகும் உட்கார்ந்து ஸ்டைல் செய்ய வேண்டும். வெயிலில் நிறம் மங்கும். தலை வாரிக்கொள்ளவே சோம்பல்படுகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

செயற்கை இழையில் பெரும்பாலானவை மோடாக்ரிலிக் வகை. ஜப்பானின் கனேகா நிறுவனம் தயாரிக்கும் கனேகலான் இதில் பெயர் பெற்றது. தொழிற்சாலையிலேயே வடிவம் கொடுத்துவிடுவதால் அலசிக் காயவைத்தால் பழைய சுருளுக்கே திரும்பிவிடும். காலையில் எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். இதன் எதிரி சூடு. ஹேர் டிரையர், கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது குபீரென்று வரும் ஆவி, ஓவன் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனல், இவை எதுவாக இருந்தாலும் முன்முடி நொடியில் பொசுங்கிச் சுருண்டுவிடும். ஒரு முறை அப்படி ஆன இழையைப் பழையபடி ஆக்குவது கடினம். சமையலறைக்குள் போகும்போது விக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

சூடு தாங்கும் செயற்கை இழை என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. அயர்ன் வைத்துச் சுருட்டலாம், நேராக்கலாம். எவ்வளவு சூடு என்பது விக்குக்கு விக் மாறும். சிலவற்றுக்கு 130 டிகிரி செல்சியஸே எல்லை, சில 180 வரை தாங்கும். லேபிளில் போட்டிருப்பதுதான் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த இழை மற்றதைவிடச் சீக்கிரம் நுனியில் நைந்து சிக்கு விழும். தினமும் போட்டால் சாதாரணச் செயற்கை விக் 4 முதல் 6 மாதம் நன்றாக இருக்கும். சூடு தாங்கும் வகை அதைவிடக் குறைவாகத்தான் வரும். மனித முடி நன்றாகப் பராமரித்தால் ஓராண்டும் அதற்கு மேலும் உழைக்கும்.

மனித முடியே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் ரெமி என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். முடியின் மேல் மீன் செதில்போல நுண்ணிய அடுக்கு ஒன்று வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். எல்லா முடியையும் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் சேர்த்தால் அது ரெமி. திசை கலந்துவிட்டால் செதிலோடு செதில் மாட்டிச் சிக்கு விழும். அதைத் தவிர்க்க அமிலத்தில் போட்டுச் செதிலை நீக்கிவிட்டு, மேலே சிலிக்கான் பூசிவிடுவார்கள். கடையில் பளபளவென்று வழுக்கிக்கொண்டு போகும். சில முறை அலசியதும் பூச்சு போய்விடும், அப்புறம் தெரியும் சேதி.

நூறு சதவீதம் மனித முடி என்று எழுதியிருப்பதெல்லாம் அப்படியே இருக்காது. விக்கில் மூன்று நான்கு இடங்களிலிருந்து ஒவ்வொரு இழை எடுத்து, இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நெருப்பில் காட்டுங்கள். மனித முடி தீய்ந்த நாற்றம் அடித்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கலப்பட விக்கில் ஒரு இடத்தில் அதுவும் இன்னொரு இடத்தில் இதுவும் வரும் என்பதால்தான் பல இடங்களில் எடுக்கச் சொல்கிறேன். வாங்கிய கையோடு செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு செய்து பயனில்லை.

என் கருத்தைக் கேட்டால், முதல் விக் சாதாரணச் செயற்கை முடியாகவே இருக்கட்டும். விக் போட்டு நடமாடுவது உங்களுக்கு ஒத்துவருமா, எந்த நீளம் சரி, எந்தக் கேப் சரி என்பதெல்லாம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள விலை கூடிய விக் வேண்டியதில்லை.

முடி அதிகம் வேண்டாம்

விக்கைப் பார்த்ததும் இது விக் என்று தெரிகிறது என்றால் பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் முடி அதிகமாக இருப்பதுதான், இது என் கணிப்பு. அடர்த்தியைச் சதவீதத்தில் போடுவார்கள். 120, 130 சதவீதம் பெரும்பாலானவர்களின் இயற்கை முடியை ஒத்திருக்கும். 150 கொஞ்சம் நிறைவாகத் தெரியும். 180க்குப் போனால் அது மேடைக்கும் கேமராவுக்கும். பல மாதங்களாக முடி மெலிந்து வந்தவர் திடீரென்று 180இல் வந்து நின்றால் எல்லார் கண்ணும் தலையில்தான் போகும். வாங்கிய விக் அடர்த்தியாக இருந்தால் விக் வெட்டிப் பழகியவரிடம் கொடுத்து உள்பக்கமாக மெலிதாக்கலாம். வெட்டிய முடி முளைக்காது என்பதை அவருக்கும் நினைவூட்டுங்கள்.

நீளத்துக்கும் இதே கதைதான். இடுப்புவரை தொங்கும் விக்கைப் படத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். தோளைத் தாண்டிய முடி சட்டைக் காலரிலும் நாற்காலி முதுகிலும் உரசி உரசிப் பிடரியில் ஒரு பெரிய சிக்கு முடிச்சாகத் திரளும், முக்கியமாகச் செயற்கை இழையில். எடையும் கூடும்: குட்டை விக் 70, 80 கிராமில் முடிந்துவிடும், நீள விக் 150 முதல் 200 கிராம்வரை போகும். மாலைக்குள் கழுத்துக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் விக் தோளுக்கு மேல் நிற்கட்டும். சுருள் முடி விக்கில் போட்டிருக்கும் நீளம் பெரும்பாலும் இழுத்துப் பிடித்து அளந்தது, தலையில் அதைவிட நன்றாகக் குட்டையாகவே தெரியும்.

ஆண்கள் நெற்றிக்கோட்டைக் கவனியுங்கள். இருபது வயதில் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் நேர்க்கோடாக வைத்தால் நாற்பது வயது முகத்துக்குப் பொருந்தாது. இரு ஓரத்திலும் லேசாக உள்வாங்கியிருப்பதுதான் இயல்பு. காதோரத்தில் சொந்த முடியோடு சேரும் இடத்தை விக்கைத் தலையில் வைத்தபடியே முடிதிருத்துபவர் வெட்டிச் சேர்க்க வேண்டும்.

நிறம்

முடி நிறங்களுக்கு எண் உண்டு. 1 என்பது மைக்கறுப்பு, 1பி அதைவிட ஒரு படி தணிந்த இயற்கைக் கறுப்பு, 2 மிக அடர்ந்த பழுப்பு, 4 நடுத்தரமான அடர் பழுப்பு. கறுப்பு முடிக்காரர்கள் கறுப்புதானே என்று 1ஐ எடுத்துவிடுகிறார்கள். வெயிலில் போய் நின்றால் இயற்கை முடி எதுவும் அவ்வளவு கறுப்பாக இருக்காது. முகத்தைச் சுற்றி மை பூசியதுபோல் இருக்கும். 1பியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். புருவ நிறத்தோடு வைத்துப் பாருங்கள், ரொம்பத் தள்ளிப் போகக் கூடாது. நரை உள்ளவர்கள் நரை கலந்த விக்கையே எடுத்தால் முகத்தோடு ஒட்டும். ஒரே நிறமாக இல்லாமல் வேரில் ஒரு சாயல் கூடியும் நுனியில் குறைந்தும் இருந்தால் இன்னும் நல்லது.

கடை விளக்கை நம்பாதீர்கள். ஜன்னலோரம், முடிந்தால் வாசலுக்கு வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள்.

வாங்கும்போது

கடையில் என்றால் போட்டுக்கொண்டு கால் மணி நேரமாவது உட்காருங்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள், தலையை இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்புங்கள், சிரியுங்கள். காதுக்குப் பின்னால் எங்காவது அழுத்தினால் அது வீட்டுக்குப் போனதும் தலைவலியாகும். பின்பக்கத்தைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். கூட வந்தவரை ஃபில்டர் போடாமல் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காட்டாத பளபளப்பைப் படம் காட்டிவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் உள்பக்கப் படம் இல்லாத விக்கை விட்டுவிடுங்கள். உச்சி, பக்கம், பிடரி ஒவ்வொன்றிலும் முடி எத்தனை அங்குலம் என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். விளம்பரப் படத்தைவிட வாங்கியவர்கள் வீட்டில் எடுத்துப் போட்ட படமும் வீடியோவும் மேல். திருப்பிக் கொடுக்கும் விதிகளைப் பணம் கட்டும் முன் படியுங்கள்; உடம்பில் படும் பொருள் என்பதால் பலர் திரும்ப வாங்குவதில்லை, வாங்குகிறவர்களும் டேக் கழற்றாமல், லேஸ் வெட்டாமல், வாரி அலசாமல் இருந்தால்தான் எடுப்பார்கள். ஆகவே வீட்டில் போட்டுப் பார்க்கும்போது உள்ளே விக் கேப் என்று தனியாக விற்கும் மெல்லிய உள்தொப்பி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயோ மேக்கப்போ சென்ட்டோ படக்கூடாது.

முதல் முறை போடும்போது

பெட்டியிலிருந்து எடுத்த விக் நசுங்கிப் பரிதாபமாக இருக்கும். பயப்பட வேண்டாம். கேப்பைப் பிடித்துத் தலைகீழாக நன்றாக உதறி, ஒரு நாள் ஸ்டாண்டில் வையுங்கள்.

சொந்த முடி இருந்தால் தட்டையாகப் பின்னிப் பரவலாகப் படியவையுங்கள். ஒரே கொண்டையாகப் போட்டால் அந்த இடம் புடைக்கும். நழுவுமோ என்ற பயம் இருந்தால் வெல்வெட் பட்டை ஒன்றை நெற்றியோரமாகக் கட்டிக்கொண்டு அதன்மேல் விக்கை வைக்கலாம், பசையோ கிளிப்போ வேண்டியதில்லை. முடி இல்லாதவர்களுக்குப் பருத்தி அல்லது மூங்கில் நார்த் துணியில் மெல்லிய உள்தொப்பி இதமாக இருக்கும்.

லேபிள் தைத்த பக்கம்தான் பின்பக்கம். விக்கின் முன்விளிம்பை நெற்றியில் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைப் பிடரிவரை இழுத்து விடுங்கள். புதியவர்கள் எல்லாரும் முன்பக்கத்தை மிகவும் கீழே இறக்கிவிடுகிறார்கள். புருவத்துக்கு மேல் நான்கு விரலைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள், அங்கேதான் விளிம்பு வர வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் காதோர மடல்களைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில், காதுக்கு முன்னால் தட்டையாகப் படிந்திருந்தால் விக் நேராக இருக்கிறது. கண்ணாடியைவிட இந்த மடல்கள்தான் சரியாகச் சொல்லும். கடைசியாகப் பின்பட்டை. கேப்புக்கும் தலைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். தலையில் கோடு விழும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

செயற்கை முடி ரொம்ப மினுங்கினால் டிரை ஷாம்பூவோ நிறமற்ற முகப் பவுடரோ கொஞ்சமாகத் தூவி உதறுங்கள். முன்முடி கண்ணில் விழுந்தால் விக் தலையில் இருக்கும்போதே, முடி காய்ந்திருக்கும்போதே, நுனியை நெல்மணி அளவு வெட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். பசை ஒட்டும் வேலையை இப்போதைக்கு ஒத்திவைப்பது நல்லது. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலையில் பசை படவிடக் கூடாது.

வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள் ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். முதல் இரண்டு நாள் கை தலைக்கே போகும். பார்ப்பவர்கள் விக்கைக் கவனிப்பதற்கு அந்தக் கைதான் காரணம். அது நின்ற பிறகு வெளியே கிளம்பலாம்.

அலசுவதும் வைப்பதும்

செயற்கை விக்கை ஏழெட்டு முறை போட்ட பிறகு அலசினால் போதும், வேர்வை அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். முதலில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விக் ஷாம்பூ கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கசக்காமல் அலசி, துண்டில் ஒற்றி, ஸ்டாண்டில் நிழலில் காயவையுங்கள். ஈரத்தில் வாராதீர்கள், முக்கியமாகச் சுருள் விக்கை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இதற்கு ஆகவே ஆகாது, செயற்கை இழையில் அது தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும். தூங்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிடுங்கள்.

விக்கோடு வந்த டேக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அளவு, கேப்பின் வகை, நிற எண் மூன்றும் அதில்தான் இருக்கும். கேப் எங்கே இறுக்கியது, எங்கே தளர்ந்தது, எத்தனை மாதத்தில் பிடரி சிக்கு விழத் தொடங்கியது என்பதை அதன் பின்பக்கத்திலேயே எழுதி வைத்தால் அடுத்த விக் வாங்கும்போது கடைக்காரரிடம் நீட்ட அது போதும்.